மூன்று வருடம் லாக்டெப்போடு: வைஃபை டிரைவர் வேலைக்கு இது எப்படி?

"பெட்டி மறுபடியும் நின்னு போச்சுங்க மேடம்." மில் எலக்ட்ரீஷியன் இப்படிப் போன் பண்ணினால் பெரும்பாலும் அது இரவு ஷிப்ட்டாக இருக்கும். கோயம்புத்தூர் பக்கம் ஒரு நூற்பாலை. ரிங் ஃபிரேம்கள் எவ்வளவு ஓடின, எந்த எந்திரம் எப்போது நின்றது என்ற கணக்கை வைஃபை வழியாக வாங்கி ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் சின்னப் பெட்டியை நாங்கள் செய்து கொடுத்திருந்தோம். உள்ளே லினக்ஸ் 5.15. வைஃபை சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் மட்டும் சிப் விற்றவர்கள் கொடுத்தது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோடு சேர்ந்து வருவதல்ல, தனியாக ஒரு ஜிப் கோப்பில் வந்தது.

நின்று போவது என்றால் மொத்தமாக நிற்காது. விளக்கு எரியும். சீரியல் கேபிளைச் செருகினால் ஷெல் வரும், கோப்புகளைப் பார்க்கலாம். நெட்வொர்க் இணைப்புகளைக் காட்டும் 'ஐபி லிங்க்' கமாண்டை அடித்தால் மட்டும் அது திரும்பி வராது. கண்ட்ரோல்-சி அழுத்தினாலும் அசையாது. இன்னொரு ஷெல்லில், ஓடும் பணிகளைக் காட்டும் பிஎஸ் போட்டால் அந்தக் கமாண்ட் டி நிலையில் கிடக்கும். அதாவது கொல்லக்கூட முடியாத தூக்கம். கொஞ்ச நேரத்தில் கர்னல் பதிவில் இந்தப் பணி 120 வினாடிக்கு மேல் முடங்கிக் கிடக்கிறது என்று ஒரு வரி விழும். பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் எல்லாம் சரி. ஆபீஸில் அதே பெட்டியை மூன்று வாரம் இரவும் பகலும் ஓடவிட்டோம். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அந்த முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தது லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே இருக்கும் லாக்டெப் என்ற சோதனைக் கருவி. அன்றிலிருந்து மூன்று வருடமாக எந்த டிரைவர் கைக்கு வந்தாலும் முதலில் இதைத்தான் ஆன் செய்கிறேன். வைஃபை டிரைவர் வேலைக்கு இது எவ்வளவு உதவும், எங்கே கைவிடும் என்று என் அனுபவத்தில் இருந்து எழுதுகிறேன்.

லாக் என்பது ஒரே தரவை இரண்டு பணிகள் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டு. லாக் வரிசைப் பிரச்சினை என்றால் என்ன என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பிக்கு மில்லை வைத்தே சொன்னேன். குடோன் சாவி ஒன்று, ஸ்டாக் ரெஜிஸ்டர் ஒன்று. பஞ்சு எடுக்க இரண்டும் வேண்டும். ஸ்டோர் கீப்பர் முதலில் சாவியை எடுத்துக்கொண்டு ரெஜிஸ்டரைத் தேடுகிறார். அதே நேரத்தில் சூப்பர்வைசர் ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு சாவியைத் தேடுகிறார். கையில் இருப்பதை இருவரும் விடமாட்டார்கள் என்றால் இருவரும் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். இதுதான் டெட்லாக். எல்லோரும் முதலில் சாவி, அப்புறம் ரெஜிஸ்டர் என்று ஒரே வரிசையில் எடுத்தால் இந்தச் சிக்கலே வராது.

லாக்டெப்பின் அருமை இங்கேதான் இருக்கிறது. இருவரும் முட்டிக்கொண்டு நிற்கும்வரை அது காத்திருப்பதில்லை. காலையில் ஒருவர் சாவி-ரெஜிஸ்டர் என்று எடுத்ததைக் குறித்துக்கொள்கிறது. சாயங்காலம் வேறொருவர், யாருமே இல்லாத நேரத்தில், ரெஜிஸ்டர்-சாவி என்று எடுத்தால் அந்த இடத்திலேயே கத்துகிறது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை, வேலையும் தடங்கலின்றி முடிந்துவிட்டது. ஆனால் என்றைக்காவது ஒரே நேரத்தில் வந்தால் மாட்டிக்கொள்வார்கள் என்று அதற்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நடக்கும் விபத்தை மேசையில் ஐந்து நிமிடத்தில் பிடிக்க முடிவது இதனால்தான்.

இதை எழுதியவர்கள் இங்கோ மோல்னாரும் அர்ஜன் வான் டி வெனும். 2006-இல் வந்த 2.6.18 கர்னலில் சேர்ந்தது. கர்னலில் ஆயிரக்கணக்கான லாக்குகள் பிறந்து மறையும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கவனிப்பது ஆகாத காரியம். அதனால் ஒரே இடத்தில் தொடக்கநிலை பெற்ற லாக்குகளை எல்லாம் ஒரே வகுப்பாக எடுத்துக்கொள்கிறது. எந்த வகுப்பைப் பிடித்திருக்கும்போது எந்த வகுப்பு கேட்கப்பட்டது என்று ஒரு வரைபடம் போட்டுக்கொண்டே போகிறது. புதிதாகப் போடும் கோடு ஒரு வட்டத்தை உண்டாக்கினால் எச்சரிக்கை. நினைத்துப் பார்த்தால் எளிமையான யோசனை, ஆனால் பலன் பெரிது.

ஆன் செய்வது சுலபம். கர்னலைக் கட்டும்போது 'கர்னல் ஹேக்கிங்' மெனுவுக்குள் லாக் டீபக்கிங் பகுதிக்குப் போய் 'புரூவ் லாக்கிங்' தேர்வை இயக்கினால் போதும், அதற்கு வேண்டிய மற்றவற்றை அதுவே இழுத்துக்கொள்ளும். டிரைவரையும் அந்தக் கர்னலுக்கு மறுபடி கட்டியாக வேண்டும். லாக்கின் உள் அமைப்பே மாறிவிடுவதால் பழைய மாட்யூல், அதாவது ஏற்கெனவே கட்டிவைத்த டிரைவர் கோப்பு, பொருந்தாது.

எங்கள் முதல் முயற்சி எந்தப் பலனும் தரவில்லை. இரண்டு நாள் ஓட்டினோம். வைஃபை டிரைவர் பற்றி ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. டிரைவர் சுத்தம், கோளாறு வேறு எங்கோ என்று முடிவுக்கே வந்துவிட்டோம். பிறகுதான் பூட் ஆன பதிவை மேலிருந்து படித்தேன். பதினோராவது வினாடியில் டச் ஸ்கிரீன் டிரைவர் பற்றி ஒரு எச்சரிக்கை இருந்தது. லாக்டெப் முதல் கோளாறைச் சொன்னதும் தன்னை அணைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வரைபடத்தை நம்ப முடியாது என்பது அதன் கணக்கு. அந்தக் கணக்கில் நியாயம் உண்டு. ஆனால் பதிவில் மெளனமாக இருப்பதற்கும் கோளாறு இல்லாததற்கும் வித்தியாசம் வெளியில் தெரியாது. புரொக் அடைவில் 'லாக்டெப் ஸ்டாட்ஸ்' என்ற கோப்பின் கடைசிப் பக்கத்தில் 'டீபக் லாக்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அது 1 என்றால் விழித்திருக்கிறது, 0 என்றால் தூங்கிவிட்டது. ஒவ்வொரு சோதனை முடிந்ததும் அந்த வரியைப் பார்ப்பதை இப்போது எங்கள் ஸ்கிரிப்டிலேயே சேர்த்துவிட்டோம். டச் ஸ்கிரீன் மாட்யூலை எடுத்துவிட்டு மறுபடி பூட் செய்தோம்.

மில் பதிவுகளில் ஒன்றைக் கவனித்திருந்தேன். பெட்டி நின்ற ஒவ்வொரு முறையும் அதற்குச் சற்று முன்னால் வைஃபை சிப்புக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் செயலிழந்து விழுந்து, டிரைவர் அதை மறுபடி எழுப்ப முயன்றிருந்தது. ஆபீஸில் ஃபர்ம்வேர் விழவே இல்லை. நல்ல வேளையாக, ஃபர்ம்வேரை வேண்டுமென்றே விழ வைக்க டீபக்-எஃப்எஸ் என்ற சோதனை அடைவில் ஒரு கோப்பை டிரைவர் வைத்திருந்தது. முதலில் ஒரு ஸ்கேன், அதாவது பக்கத்தில் என்னென்ன வைஃபை இருக்கிறது என்ற தேடல். அது முடிந்து அரை நிமிடம் கழித்து, ஃபர்ம்வேரை விழவைத்தேன். பெட்டி நிற்கவில்லை, வைஃபை ஒழுங்காக எழுந்து வந்தது. ஆனால் பதிவில் ஒரு முழத்துக்கு எச்சரிக்கை.

எச்சரிக்கையை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன், முதலில் பார்ப்பவர்களுக்கு அது மிரட்சியாகத்தான் இருக்கும். மேலே, வட்டமாகச் சுற்றும் லாக் சார்பு இருக்கலாம் என்று ஒரு தலைப்பு. அப்புறம் இந்தப் பணி இந்த லாக்கைக் கேட்கிறது, ஏற்கெனவே இந்த லாக்கைப் பிடித்திருக்கிறது என்று இரண்டு வரிகள். அந்த இரண்டையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கீழே எண் போட்ட அடுக்குகள் தலைகீழாக வரும். பெரிய எண் பழையது, பூஜ்ஜியம் இப்போது நடந்துகொண்டிருப்பது. ஒவ்வொரு அடுக்கிலும் அந்த லாக் முதல் தடவை அந்த வரிசையில் எடுக்கப்பட்டபோது இருந்த ஃபங்ஷன் வரிசை முழுதாக இருக்கும். கடைசியில் சிபியு 0, சிபியு 1 என்று இரண்டு நெடுவரிசையில் எப்படி மாட்டிக்கொள்ளும் என்று ஒரு குட்டிப் படம். நிறையப் பேர் அந்தப் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மூன்று லாக் வட்டத்தில் இருந்தால் அந்தப் படம் போதாது. அடுக்குகளைத்தான் படிக்க வேண்டும். கர்னல் மூலத்தோடு வரும் 'டிகோட் ஸ்டேக்டிரேஸ்' ஸ்கிரிப்ட் வழியாகப் பதிவைச் செலுத்தினால் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் கோப்பும் வரி எண்ணும் கிடைக்கும். அது இல்லாமல் உட்காராதீர்கள்.

எங்கள் வட்டத்தில் மூன்று லாக்குகள். முதலாவது ஆர்டிஎன்எல். நெட்வொர்க் அமைப்பை மாற்றும் வேலைகளுக்கு எல்லாம் மொத்தக் கணினிக்கும் பொதுவான ஒரே மியூட்டெக்ஸ். மியூட்டெக்ஸ் என்றால் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய லாக். ஐபி கமாண்ட் இதற்காகத்தான் காத்துக் கிடந்தது. இரண்டாவது வைஃபி மியூட்டெக்ஸ். கேட்க வைஃபை போலவே இருந்தாலும் எழுத்து வேறு, ஒரு வயர்லெஸ் கருவியைக் குறிக்கும் கர்னல் பொருள் அது. 2021-இல் வந்த 5.12-இல்தான் இந்த மியூட்டெக்ஸ் சேர்ந்தது. அதற்கு முன் வயர்லெஸ் வேலை எல்லாவற்றுக்கும் ஆர்டிஎன்எல்லே காவல். மூன்றாவது டிரைவரின் சொந்த மியூட்டெக்ஸ்.

ஸ்கேன் கேட்டால் சிஎஃப்ஜி80211 என்ற கர்னலின் வயர்லெஸ் அடுக்கு முதலில் ஆர்டிஎன்எல்லை எடுக்கும், கருவியைக் கண்டுபிடிக்கும், வைஃபி மியூட்டெக்ஸை எடுக்கும், ஆர்டிஎன்எல்லை விட்டுவிடும், பிறகு டிரைவரைக் கூப்பிடும். டிரைவர் தன் மியூட்டெக்ஸை எடுக்கும். ஆக வரிசை: ஆர்டிஎன்எல், வைஃபி, டிரைவர். ஃபர்ம்வேர் விழுந்தால் ஓடும் மீட்பு வேலையோ தன் மியூட்டெக்ஸை முதலில் எடுத்துக்கொண்டு, இன்டர்ஃபேஸ்களை மூடுவதற்காக ஆர்டிஎன்எல்லையும் வைஃபியையும் கேட்டது. தலைகீழ் வரிசை.

மில்லில் நடந்தது இதுதான். ஸ்கேன் வைஃபியைப் பிடித்துக்கொண்டு டிரைவர் மியூட்டெக்ஸுக்கு நிற்கிறது. மீட்பு வேலை டிரைவர் மியூட்டெக்ஸையும் ஆர்டிஎன்எல்லையும் பிடித்துக்கொண்டு வைஃபிக்கு நிற்கிறது. ஆர்டிஎன்எல் அங்கே சிக்கியதால் ஈதர்நெட் முகவரியைப் பார்க்க வந்த கமாண்ட்கூட வரிசையில் சேர்ந்து உறைந்துபோனது. வைஃபையில் வந்த நோய்க்கு மொத்தப் பெட்டியும் படுத்துவிட்டது. ஸ்கேனும் மீட்பும் சில மில்லி வினாடி இடைவெளிக்குள் மோதினால்தான் இது நடக்கும். லாக்டெப்புக்கு அவை அரை நிமிட இடைவெளியில் நடந்ததே போதுமானதாக இருந்தது.

கண்டுபிடிப்பதோடு கருவியின் வேலை முடிந்துவிடும். சரி செய்வது நம் பாடு, அதில்தான் அதிக நேரம் போனது. முதலில் நான் செய்தது அவசர வழி. மீட்பு வேலையில் ஆர்டிஎன்எல்லைக் கேட்பதற்கு முன் டிரைவர் மியூட்டெக்ஸை விட்டுவிட்டு, பிறகு திரும்ப எடுத்தேன். எச்சரிக்கை நின்றது. மறுநாள் மதியம் கர்னல் நல் பாயின்டரில், அதாவது வெற்று முகவரியைத் தொட்டு, விழுந்தது. மியூட்டெக்ஸை விட்ட அந்தச் சின்ன இடைவெளியில் ஒரு ஸ்கேன் உள்ளே நுழைந்து, பாதி உயிரோடு இருந்த ஃபர்ம்வேருக்குக் கட்டளை அனுப்பியிருக்கிறது. நடுவில் லாக்கை விடுவதன் ஆபத்து இது. விடும்போது எந்தத் தரவு அரைகுறையாக இருக்கிறது என்று லாக்டெப் பார்க்காது; அது லாக்கின் வரிசையை மட்டுமே அறியும்.

அடுத்து, மீட்பு வேலையின் தொடக்கத்திலேயே ஆர்டிஎன்எல், வைஃபி, டிரைவர் என்று மேலிருந்து வரிசையாக எடுத்தேன். வரிசை சரியானது. ஆனால் ஃபர்ம்வேரை ஏற்றும் நேரம் முழுக்க ஆர்டிஎன்எல் நம் கையில் இருந்தது; அதுவரை வேறு யாரும் நெட்வொர்க் அமைப்பைத் தொட முடியவில்லை. அதனால் வேலையை இரண்டாக உடைத்தோம். முதலில் டிரைவர் மியூட்டெக்ஸை மட்டும் எடுத்து 'மீட்பு நடக்கிறது' என்று ஒரு குறி வைத்துவிட்டு விட்டுவிடுவது. குறி இருக்கும்வரை ஸ்கேன் வந்தால் இப்போது முடியாது என்று உடனே திருப்பி அனுப்புவது. எந்தப் பெரிய லாக்கும் இல்லாமல் ஃபர்ம்வேரை ஏற்றுவது. கடைசியில் இன்டர்ஃபேஸ்களைச் சரிசெய்யும் நேரத்துக்கு மட்டும் மூன்று லாக்கையும் வரிசைப்படி எடுப்பது. இது தாக்குப்பிடித்தது.

தாக்குப்பிடித்தது என்று நினைத்தபோது இரண்டாவது எச்சரிக்கை வந்தது. அதில்தான் இந்தக் கருவி மேல் எனக்கு மரியாதை வந்தது. வட்டத்தில் ஒரு பக்கம் ஆர்டிஎன்எல், மறுபக்கம் லாக்கே இல்லாத ஒன்று: மீட்பு வேலையின் பெயர், முன்னால் 'வொர்க் கம்ப்ளீஷன்' என்ற அடைமொழியோடு. இன்டர்ஃபேஸை நிறுத்தும்போது கர்னல் ஆர்டிஎன்எல்லைப் பிடித்துக்கொண்டுதான் டிரைவரின் நிறுத்தும் ஃபங்ஷனைக் கூப்பிடும். அங்கே டிரைவர் 'கேன்சல் வொர்க் சிங்க்' என்று மீட்பு வேலையை ரத்து செய்து, அது ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருக்கும். அந்த வேலையோ ஆர்டிஎன்எல்லுக்காகக் காத்திருக்கும். லாக் ஒன்றுதான், ஆனாலும் டெட்லாக். குடோன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே போய் வேலையை முடித்துவிட்டு வா, நான் இங்கேயே நிற்கிறேன் என்று சொல்வது மாதிரி.

இதையும் லாக்டெப் பிடிப்பதற்குக் காரணம், வொர்க்கியூவுக்கு, அதாவது பின்னணி வேலைகளை ஓட்டும் கர்னல் வரிசைக்கு, ஒரு போலி லாக்கைக் கட்டிவிட்ட வேலை. வேலை ஓடும்போது அந்தப் போலி லாக்கைப் பிடித்த மாதிரியும், காத்திருப்பவர் அதைக் கேட்ட மாதிரியும் கணக்கு. 2007-இல் இதைச் சேர்த்தவர் யோஹானஸ் பெர்க். லினக்ஸ் வயர்லெஸ் அடுக்கைப் பல வருடமாகப் பராமரிப்பவரும் அவரே. வயர்லெஸ் டிரைவர் எழுதுகிறவர்களுக்கு வேலையும் டைமரும் ரத்தும்தான் பாதி வாழ்க்கை என்பதால், வயர்லெஸ்காரர் ஒருவரே இதைச் செய்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை, நன்றி இருக்கிறது. எங்கள் தீர்வு: நிறுத்தும் ஃபங்ஷனில் காத்திருப்பதைக் கைவிட்டு ஒரு குறி மட்டும் வைத்தோம். மீட்பு வேலை லாக்கை எடுத்ததும் அந்தக் குறியைப் பார்த்துத் திரும்பிவிடும். காத்திருந்து ரத்து செய்வதை, ஆர்டிஎன்எல் கையில் இல்லாத மாட்யூல் நீக்கும் பாதைக்குக் கொண்டுபோனோம்.

பிறகு பெட்டியை 6.6 கர்னலுக்கு மாற்றினோம். 2023-இல் வந்த 6.5-இல் சேர்ந்த 'வைஃபி வொர்க்' அங்கே இருந்தது. அது வைஃபி மியூட்டெக்ஸைப் பிடித்துக்கொண்டே வேலையை ஓட்டும். அதே மியூட்டெக்ஸோடு இருப்பவர் பயமின்றி அதை ரத்து செய்யலாம். டிரைவரின் வேலைகளைப் பெரும்பாலும் இதற்கு மாற்றியதும் டிரைவரின் சொந்த மியூட்டெக்ஸ் தேவையே இல்லாமல் போனது. மூன்று லாக் இரண்டானது. மீட்பு வேலையை மட்டும் மாற்ற முடியாது, கவனம்: அது ஆர்டிஎன்எல் கேட்கும், வைஃபி கையில் இருக்கும்போது ஆர்டிஎன்எல் கேட்டால் மறுபடியும் தலைகீழ். பல வைஃபை டிரைவர்களுக்குப் பொதுவான மேக்80211 அடுக்கும் 6.7-இல் இதே பாதையில் தன் பல மியூட்டெக்ஸ்களை நீக்கி வைஃபி ஒன்றோடு நின்றுகொண்டது. பத்து லாக்கை ஒழுங்காக வரிசைப்படுத்துவதைவிட இரண்டு லாக்கோடு வாழ்வது எவ்வளவோ மேல் என்று அந்த மாற்றங்களைப் படித்தபோது தோன்றியது.

இன்னொரு வகை எச்சரிக்கையும் வைஃபை டிரைவர்களில் அடிக்கடி வரும்: லாக் நிலை முரண்படுகிறது என்று. பாக்கெட் வாங்கும் பகுதி சாஃப்ட்-ஐஆர்க்யூவில், அதாவது ஓடும் பணியை இடைமறித்து, ஓடுகிறது. அது ஒரு ஸ்பின்லாக்கை எடுக்கிறது; கிடைக்கும்வரை தூங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் லாக் அது. அதே ஸ்பின்லாக்கைச் சாதாரணப் பணி ஒன்று சாஃப்ட்-ஐஆர்க்யூவைத் தடுக்காமல் எடுக்கிறது. பிடித்திருக்கும்போதே அதே சிபியுவில் பாக்கெட் வந்தால் தீர்ந்தது. சாதாரணப் பணியில் 'ஸ்பின் லாக் பிஎச்' என்று மாற்றினால் போதும். பத்து நிமிட வேலை.

இப்போது குறைகள். முதல் எச்சரிக்கையோடு அணைந்துவிடுவதைச் சொன்னேன். வேகம் அடுத்தது. எங்கள் சின்ன ஏஆர்எம் போர்டில் லாக்டெப்போடு வைஃபை வேகம் நன்றாகவே இறங்கியது, பூட் ஆகவும் நேரம் இழுத்தது. அதனால் மில்லுக்கு அனுப்பும் கர்னலில் இது இல்லை. அங்கே முடங்கிய பணியைச் சொல்லும் 120 வினாடிக் காவல் மட்டும் உண்டு. ஓடாத பாதையை லாக்டெப் பார்க்காது என்பதும் முக்கியம். ஃபர்ம்வேரை விழவைக்க அந்தக் கோப்பு இல்லாமல் இருந்திருந்தால் எங்களுக்கும் எதுவும் கிடைத்திருக்காது. அபூர்வமான பாதைகளை நாமே ஓட்ட வேண்டும்: ஸ்கேன் நடுவில் யூஎஸ்பியைப் பிடுங்குவது, இணையும்போது இன்டர்ஃபேஸை மூடுவது, ரோமிங் நடுவில் சஸ்பெண்ட். நிஜ ரேடியோ இல்லாமல் வயர்லெஸ் அடுக்கைச் சோதிக்க 'மேக்80211 எச்டபிள்யூசிம்' என்ற போலி ரேடியோ மாட்யூல் இருக்கிறது, அருமையானது. நம் டிரைவரின் பாதைகளுக்கு மட்டும் நிஜ சிப்தான் வேண்டும்.

வகுப்பு முறையால் வரும் பொய் எச்சரிக்கையும் உண்டு. ஒரே போர்டில் இரண்டு ரேடியோ இருந்து, ஒன்றின் லாக்கைப் பிடித்துக்கொண்டு மற்றதன் லாக்கை எடுத்தால், ஒரே வகுப்பு என்பதால் ஒருவரே இரண்டு தடவை எடுப்பதாக அது நினைக்கும். 'நெஸ்டெட்' வகை ஃபங்ஷனால் இது வேறு படி என்று சொல்லிக்கொடுக்கலாம், எட்டு படிகள் வரை. இந்த வசதியைப் பார்த்தாலே எனக்குப் பயம். சிப்போடு வந்த டிரைவரில் இரண்டு இடத்தில் இதைப் போட்டிருந்தார்கள். ஒன்று நியாயமானது. மற்றது உண்மையான கோளாறின் வாயை மூட ஒட்டிய பிளாஸ்திரி. படி எண் கொடுக்கும் ஒவ்வொரு இடத்திலும், எந்த ரேடியோ முதலில் என்ற விதியைக் கமென்ட்டாக எழுதாமல் நான் இப்போது ஏற்றுக்கொள்வதில்லை.

மிகப் பெரிய குறை, வைஃபை டிரைவர்காரர்களுக்கு நேரடியாக வலிப்பது, கம்ப்ளீஷன்: வேலை முடிந்தது என்று இன்னொரு பகுதி சொல்லும்வரை காத்திருக்க வைக்கும் கர்னல் வசதி. டிரைவர் ஃபர்ம்வேருக்குக் கட்டளை அனுப்பிவிட்டு, மியூட்டெக்ஸைப் பிடித்தபடியே பதிலுக்குக் காத்திருக்கிறது. பதிலை வாங்கி எழுப்பிவிட வேண்டிய பகுதி அதே மியூட்டெக்ஸைக் கேட்கிறது. அப்பட்டமான டெட்லாக். லாக்டெப் வாயே திறக்காது, கம்ப்ளீஷன் அதன் வரைபடத்தில் இல்லை. இதைச் சேர்க்க 'கிராஸ்-ரிலீஸ்' என்று ஒரு முயற்சி 2017-இல் 4.14-இல் உள்ளே வந்தது. பொய் எச்சரிக்கைகள் பெருகியதால் அடுத்த பதிப்பான 4.15-க்குள்ளேயே எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு இந்த வகைக் கோளாறு ஒன்று வந்தது. அன்றைக்கு, கர்னலிடம் நேரடியாகத் தகவல் கேட்கும் மேஜிக் சிஸ்ரெக் கைகொடுத்தது: டபிள்யூ (w) எழுத்து முடங்கிய பணிகளைக் காட்டும், டி (d) எழுத்து யார் எந்த லாக்கைப் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும். டி எழுத்து வேலை செய்வதே லாக்டெப் உள்ளே இருப்பதால்தான். ஆக, தானாகப் பிடிக்காவிட்டாலும் உறைந்த பின் விசாரிக்கவாவது அது உதவியது.

வேறு பக்கமும் பார்த்திருக்கிறேன். ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறோர் இயங்குதளத்தில் இதே வேலைக்கு விட்னஸ் என்ற கருவி இருக்கிறது, ஓபன்பிஎஸ்டி என்ற இன்னோர் இயங்குதளமும் அதை எடுத்துக்கொண்டது. ஃப்ரீபிஎஸ்டியின் வளர்ச்சிக் கிளையில் வழக்கமான கர்னலிலேயே அது ஆன் ஆகி வருவது எனக்கு மிகவும் பிடித்தது. 'லாக் ஆர்டர் ரிவர்சல்' என்ற அந்த எச்சரிக்கையைச் சாதாரணப் பயனர்களே பார்த்துப் புகார் அனுப்புகிறார்கள். லினக்ஸில் தேடிப் போய் ஆன் செய்தால்தான் உண்டு.

வாங்குவதற்கு விலை இல்லை, நேரம்தான் செலவு. எச்சரிக்கையைப் படிக்கப் பழக எனக்கு ஒரு வாரம் ஆனது. அதோடு 'லாக்டெப் அசெர்ட் ஹெல்ட்' என்ற வரியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஒரு ஃபங்ஷனின் தலையில் அதை வைத்தால், இன்ன லாக் இல்லாமல் யார் கூப்பிட்டாலும் அப்போதே தெரியும். 'அடாமிக் ஸ்லீப்' சோதனையையும் சேர்த்து ஆன் செய்யலாம். ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கப் போகும் இடங்களைக் காட்டும். ஐந்துக்கு நான்கரை தருவேன். குறைத்த அந்த அரை, கம்ப்ளீஷனுக்காக.

மில்லில் பெட்டிகளைப் புதிய டிரைவருக்கு மாற்றிப் பத்து மாதம் ஆகிறது. ஃபர்ம்வேர் இப்போதும் விழுகிறது, பதிவில் பார்க்கிறேன். விழுந்து, எழுந்து, மூன்று வினாடியில் வைஃபை திரும்பி வருகிறது. எலக்ட்ரீஷியன் போன வாரம் போன் பண்ணினார். வேறு ஷெட்டுக்கும் நாலு பெட்டி வேணுமுங்களாம்.